முதலில் அச்சான தீர்ப்பு

தையல் கம்பெனியிலிருந்து வந்ததும் அம்மா முதலில் தண்ணீர்தான் கேட்பாள். அன்றைக்கு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து மகளின் மடியில் போட்டாள். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு காலர் அக்கா வந்தாள். வாலிபம் முழுக்க சட்டைக்குக் காலர் வைத்தே கழிந்தவள் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

“படிடி வக்கீலம்மா, சத்தமாப் படி,” என்றாள் அம்மா. “நாங்க ஜெயிச்சாச்சு.”

“கேஸே இன்னும் போடலையேம்மா.”

“போட்டா ஜெயிப்புதான். எங்க வக்கீல் அடிச்சுச் சொல்லிட்டாரு. பெரிய கோர்ட்டு எப்பவோ தீர்ப்பு குடுத்துடுச்சாம். தொழிலாளி செய்யற வேலையைச் செஞ்சா அவ தொழிலாளிதான், டிரெய்னிங்னு பேரு வெச்சா செல்லாதாம். யாரோ ஒரு பேராசிரியர் அக்குவேறா ஆணிவேறா எழுதி வெச்சிருக்காரு.”

“மகராசன், நல்லா இருக்கணும்,” என்றாள் காலர் அக்கா.

மகள் முதல் தாளைப் பார்த்தாள். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே அந்த மகராசனின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. முனைவர் பட்டத்துக்கு அவளுக்கு வழிகாட்ட வேண்டிய நெறியாளர். பக்கத்தின் நடுவில் ஒரு வரியை வக்கீல் மஞ்சள் பேனாவால் தீட்டியிருந்தார். ‘பெயர்ப் பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறிவிடாது.’ அதை அவள் இதே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். எழுதிவிட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிச் சிரித்துக்கொண்டதும் நினைவில் இருந்தது. இப்போது அந்த வரியைப் பார்க்க, யாரோ மென்று துப்பியதை எடுத்து மறுபடியும் வாயில் வைத்ததுபோல் இருந்தது.

மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம்தான் அம்மா கம்பெனியில் சேர்ந்தாள். மகள் சட்டம் படித்து, முதுகலையும் முடித்து, குடும்பத்தில் எவரும் வாசலைக்கூட மிதித்திராத பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப் போய்விட்டாள். அம்மா இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாள். ஒரு சட்டைக்குக் கை தைக்கக் கற்றுக்கொள்ள ஓர் ஆயுள் போதாது என்பது கம்பெனியின் கட்சி. பயிலுநர் என்றால் சம்பளம் கிடையாது, உதவித்தொகைதான். லீவு கிடையாது, கேள்வி கிடையாது. நாளைக்கு வராதே என்றால் வராமல் இருக்க வேண்டியதுதான். இப்போது பெண்கள் எல்லாம் ஒன்றுகூடி நிற்கவே, கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. இந்த மாதத்திலிருந்து எல்லோரும் நிரந்தரம். ஆனால் கழிந்த வருடங்களைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, கோர்ட்டுக்கும் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

“வக்கீல் கையெழுத்துப் போடாதீங்கன்னுட்டாரு,” என்றாள் அம்மா. “மொத்த வருஷத்துக்கும் வாங்கித் தர்றேன்னு சொல்றாரு.”

“அம்மா, இந்தக் கட்டுரை தப்பு.”

“என்னது?”

“அந்தக் கேஸ்ல நீதிபதிங்க மூணு பேர். உங்க பக்கம் பேசினவர் ஒருத்தர்தான். மத்த ரெண்டு பேரும் கம்பெனி பக்கம். ரெண்டு பேர் சொன்னதுதான் தீர்ப்பு. இதை நம்பிப் போனா தோத்துடுவீங்க, இப்ப குடுக்கறதும் கிடைக்காது.”

“பேராசிரியருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?”

“அதை எழுதினதே நான்தான்!”

காலர் அக்கா சிரித்துவிட்டாள். “நீ எழுதியிருந்தா உன் பேருல்ல இருக்கணும், கண்ணு?”

“ஏண்டி, உனக்கு நாலெழுத்து சொல்லிக் குடுக்கறவர்,” என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. “அவர்மேலயே பொறாமைப்படலாமா?”

நடந்தது இதுதான். தீர்ப்புத் தொகுப்புகளில் மூத்த நீதிபதி எழுதியதை முதலில் அச்சிடுவார்கள். அந்த வழக்கில் மூத்தவர்தான் தனித்து நின்றவர். முதல் வருடத்தில் அவள் அதைப் படித்தாள். தன் அம்மாவை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதியதுபோல் இருந்தது அந்த மனிதரின் எழுத்து. நூலகத்திலேயே அழுதுவிட்டாள். மற்ற இருவரும் இதையே ஆமோதித்திருப்பார்கள் என்று எண்ணி, மிச்சப் பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, அன்றைக்கே ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி நெறியாளரிடம் கொடுத்தாள். “படிச்சுட்டு இருக்கேம்மா, படிச்சுட்டு இருக்கேம்மா” என்று மாதக்கணக்கில் இழுத்தார். கடைசியில் ஓர் ஆய்விதழில் அது அவர் பெயரில் வந்தது. காற்புள்ளிகூட மாறவில்லை. போய்க் கேட்டதற்கு, “நம்ம ரெண்டு பேரோட உழைப்புதானே? உன் பேரைப் போட்டா யாரும்மா படிப்பாங்க?” என்றார். அவரிடம் ஆய்வு செய்பவர்கள் அவருடைய விடைத்தாள்களைத் திருத்துவார்கள், கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பார்கள், பேத்தியின் பள்ளிக்கூட மாடலுக்கு அட்டை வெட்டி ஒட்டுவார்கள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று விழுங்கிக்கொண்டாள்.

போன வருடம் தீர்ப்பை வரிவரியாகப் படித்தபோதுதான் தவறு தெரிந்தது. ஆய்வேட்டில் திருத்திவிட்டாள். அவரிடம் மூச்சு விடவில்லை. திருடிக்கொண்டு போனது கெட்டுப்போன சாப்பாடு என்று நினைக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம். ஒரு வருடம் முழுக்க அதை ரசித்தாள். அந்தச் சாப்பாடு சுற்றி வளைத்து அம்மாவின் தட்டிலேயே வந்து விழும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அவர்மேல் மட்டுமல்ல, தன்மேலும் குமட்டியது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை வக்கீலைப் பார்க்கப் போனாள். அவர் தீர்ப்பின் முதல் சில பக்கங்களைப் புரட்டி, “இதோ தெளிவா இருக்கே!” என்றார். கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். முகம் கொஞ்சம் கறுத்தது. ஆனால் கட்சிக்காரப் பெண்களிடம் அடித்துச் சொன்னதை அவ்வளவு சீக்கிரம் வாபஸ் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. “நீ மாணவிம்மா. அவர் அரசாங்கமே கமிட்டி போட்டா கூப்பிடற ஆள். இதுக்குப் பின்னால வேற தீர்ப்பு வந்திருக்கலாம், அவருக்குத் தெரியாமலா எழுதியிருப்பாரு? அவரையே சொல்லச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்,” என்று கோப்பை மூடிவிட்டார்.

அங்கிருந்து நேராக நெறியாளரின் அறைக்குப் போனாள். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை வைக்கத் தட்டு இல்லை. யாரோ ஒரு மாணவனின் ஆய்வேடு இருந்தது, அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தார். அட்டையில் சாறு இறங்கிக்கொண்டிருந்தது.

“சார், மூன்றாம் இயல்ல ஒரு திருத்தம் பண்ணியிருக்கேன்.”

“எது? அந்த டிரெய்னிங் சமாச்சாரமா? அதுல என்னம்மா திருத்தம்? எல்லாரும் கொண்டாடின கட்டுரை.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுளைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். முடித்ததும், உண்மையா என்று கேட்கவில்லை, தீர்ப்பைக் காட்டு என்றும் சொல்லவில்லை.

“யாராவது கண்டுபிடிச்சாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன?”

“தையல் கம்பெனிப் பொம்பளைங்க சார். உங்க கட்டுரையை நம்பி சமரசம் வேண்டாம்னு சொல்லப் போறாங்க. அதுல எங்க அம்மாவும் இருக்காங்க. தப்பா வந்துடுச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்.”

“அடுத்த மாசம் எனக்கு டீன் பதவிக்கு நேர்காணல். இப்பப் போய், நான் தீர்ப்பையே படிக்காம எழுதிட்டேன்னு தண்டோரா போடச் சொல்றியா?” கொட்டைகளை உள்ளங்கையில் துப்பி, மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தார். “அவங்க வக்கீல் என்ன பண்றாரு, படிக்கிறது அவர் வேலை. நீ இயலைப் பழையபடி மாத்தி வெச்சுடு. கைடு ஒண்ணு சொல்லி, மாணவி வேற ஒண்ணு சொன்னா பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்க? வெள்ளிக்கிழமை கருத்தரங்குல நல்லபடியாப் பேசி முடி, அங்கேயே சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வரும் சான்றிதழ் அது. இது முழுக்க முழுக்க மாணவியின் சொந்தப் படைப்பு என்று அவர் உறுதியளிக்க வேண்டும். அவர்!

“ஆமா, டீக்குச் சொல்லிட்டியா?” என்றார், ஈரக் கையை ஜன்னல் திரையில் துடைத்தபடி. “போன தடவை ஒருத்தன் வாங்கிட்டு வந்த பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது. வாயில வைக்க முடியல.”

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் எல்லோர் முன்னிலையிலும் அதைப் பற்றிப் பேசிக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் கருத்தரங்கு. நெறியாளர் முதல் நாளே கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மற்ற ஆய்வாளர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் எழுந்து கேட்பார்கள். பேசுபவர் யோசிப்பதுபோல் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார். துறைத்தலைவர் தலையாட்டுவார். பிறகு டீ. இத்தனை வருடத்தில் இந்தச் சடங்கில் ஒரே ஒரு கேள்விகூட வழிதவறி வந்ததில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் அறையில் ‘நிரந்தரம்’ தன் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பேராசிரியராகிவிட்டார்கள். அவர் மட்டும் அதே நாற்காலியில் ஆய்வாளராகவே இருந்ததால் அந்தப் பெயர்.

“எனக்கு வந்திருக்கற கேள்வி, ‘இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன்?’” என்றார். “போன தடவையும் இதுதான். எனக்குன்னே எழுதி வெச்சிருக்கான் மனுஷன்.”

“உங்களுக்கு அருவருப்பா இல்லையாண்ணா?”

“ஆரம்பத்துல இருந்தது, தங்கச்சி. அப்புறம் டீ நல்லா இருந்தது.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே அறிவிப்புப் பலகையில் தன் கருத்தரங்குக்கான தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். ‘அனைவரும் வருக’ என்று அடியில் போட்டிருந்தது. வருடாவருடம் போடுவார்கள், வெளியாள் எவரும் வந்ததில்லை. அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டாள்.

“நாளைக்கு அரை நாள் காசு போனாலும் பரவாயில்ல, இங்க வா. காலர் அக்காவையும் கூட்டிட்டு வா. என்னை நம்ப வேண்டாம். அந்த மகராசனையே நேர்ல கேட்டுக்கோங்க.”

வந்தார்கள். அவர்கள் இருவரோடு தையல் லைனில் இருந்து இன்னும் சிலரும். கம்பெனி நீலக் கோட்டோடு கடைசி வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நெறியாளர் உள்ளே நுழைந்ததும் அவர்களைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“யாரும்மா இவங்க? காலைலயே பெருக்கிட்டுப் போயாச்சே.”

“மூன்றாம் இயல், சார்,” என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை.

அவள் பேசினாள். முதல் இயல், இரண்டாம் இயல். மூன்றாவதைத் தொட்டதும் நெறியாளர் புன்னகையோடு கையை உயர்த்தி, “இதைப் பத்தி நானே சொல்லிடறேன்,” என்று மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்ற பயம். தன் கட்டுரையின் பெருமையைத் தானே பாடி முடித்து மைக்கைத் திருப்பித் தரும்போது, அடுத்த இயலுக்குப் போ என்று கண்ணால் காட்டினார். போனாள். பிறகு சீட்டுக் கேள்விகள் வந்தன. நிரந்தரம் எழுந்து சமூகப் பயனைக் கேட்டார். யாருக்கும் பதில் காதில் விழவில்லை.

“வேறு கேள்விகள் இல்லையென்றால்,” என்று துறைத்தலைவர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, சாந்தமான அம்மாள். டீ ஆறிவிடும் என்ற கவலை மட்டும் முகத்தில் இருந்தது.

காலர் அக்கா எழுந்து நின்றாள்.

“ஐயா, வணக்கம். நாங்க தையல் கம்பெனில வேலை செய்யறோம். நீங்க எழுதினதை எங்க வக்கீல் படிச்சுக் காட்டினாரு. நல்லா இருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கம்பெனி இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சமரசம்ங்குது. நீங்க சொல்ற தீர்ப்பை வெச்சு நாங்க கேஸ் போட்டா ஜெயிப்போமா?”

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நெறியாளரின் கண் ஒரு நொடி தன் மாணவியிடம் வந்து போனது. அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவளே சொல்லியிருக்கிறாள். ஒன்றும் பேசாமல் தப்பிக்கவும் வழியிருந்தது. வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஏழைப் பெண் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். அவர் நெஞ்சு விரிந்தது.

“தைரியமாப் போங்கம்மா,” என்றார். “சட்டம் உங்க பக்கம்.”

“அப்போ சமரசம் வேண்டாம்னு சொல்லிடலாமாய்யா?”

“தாராளமா.”

கைதட்டல் கேட்டது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சாணியை மிதித்தால் கழுவிவிடலாம். இந்த அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததை எதைப் போட்டுக் கழுவுவது?

“சார் பொய் சொல்றார், காலர் அக்கா,” என்றாள்.

கைதட்டல் நின்றது. அவள் மேசையில் இருந்த தீர்ப்புத் தொகுப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். ‘பெரும்பான்மைக் கருத்தின்படி, பயிலுநர்கள் தொழிலாளர்கள் ஆகமாட்டார்கள். மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.’ படித்துவிட்டுப் புத்தகத்தைத் துறைத்தலைவர் முன் வைத்தாள். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

“சார், இது வேற மாதிரி இல்ல இருக்கு?” என்றார் நெறியாளரிடம்.

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பகுதி இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த வரைவும்மா. நம்பி அப்படியே போட்டேன். இவ இப்படிக் கவுத்துவிடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்படியேவா போட்டீங்க?” என்று நிரந்தரம் கேட்டார். அது சீட்டில் இல்லாத கேள்வி. கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டு உட்கார்ந்தார்.

நல்லதாக இருந்தவரை அது அவருடையது. தப்பு என்று தெரிந்த மறுநொடி அவளுடையது என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார், எச்சில் தட்டை நீட்டுவதுபோல.

“ஆமா, நான் எழுதினதுதான்,” என்றாள் அவள். “முதல் வருஷத்துல தப்பாப் படிச்சேன், போன வருஷம் திருத்தினேன். நீங்க செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சுக்கிட்டு, இப்ப அவங்க முகத்தைப் பார்த்து தாராளமாங்கறீங்களே, அதுக்கு என்ன பேர் சார்?”

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா,” என்றார் துறைத்தலைவர். “உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம். டீ வந்துடுச்சு.”

எல்லோரும் எழுந்தார்கள். எழுந்து, நேராக பிஸ்கட்டுக்குப் போனார்கள்! கேட்டதை எல்லாம் கேட்டுவிட்டு, டீயில் முக்கி முக்கித் தின்றார்கள். ஒரு விரிவுரையாளர் வாய் நிறைய பிஸ்கட்டோடு அவளிடம் வந்து, “ஆய்வு நல்லா இருக்கும்மா. கொஞ்சம் அடக்கம் வேணும்,” என்றார். பிஸ்கட் தூள் அவள் கையில் தெறித்தது.

நெறியாளர் அவளைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. கடைக்காரர் பேரம் பேசுவதுபோல் இருந்தது. “பாரும்மா, ரெண்டு பேருக்கும் நல்லது. தப்பான தகவலைக் குடுத்து நெறியாளரைத் திசைதிருப்பிட்டேன்னு நீ ஒரு தாள்ல எழுதிக் குடு. டீன் நேர்காணலுக்கு எனக்கு அது போதும். சான்றிதழ்ல கையெழுத்து இப்பவே போடறேன். என்ன, எழுதறியா?”

“எழுத மாட்டேன் சார்,” என்றாள். “எழுதினா அதையும் உங்க பேர்ல போட்டுப்பீங்க.”

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெண்கள் கேட்டருகே நின்றிருந்தார்கள். ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. காலர் அக்காவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

“எத்தனை வருஷம் கண்ணு!” என்றாள். “நாலு நாளா அவ்வளவு பணமும் கையில வந்துடுச்சுன்னே நெனைச்சுட்டு இருந்தேன்.”

“கிடைக்காது அக்கா. கேஸ் போட்டா இருக்கறதும் போயிடும்.”

“அதான் இப்பப் புரியுதே. அன்னிக்கே சொன்னே. நாங்கதான் தாள்ல பேரைப் பார்த்துட்டு உன்னைப் பார்க்காம விட்டுட்டோம்.” வக்கீலுக்கு அவளே போன் போட்டாள். “சார், பேராசிரியர் வாயாலயே கேட்டாச்சு. அது ஓட்டைப் படகு. நாங்க சமரசத்துக்குப் போறோம். நீங்க வர்றதுன்னா வாங்க,” என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு, “உன் பட்டம்?” என்றாள்.

“அவர் கையெழுத்துப் போட மாட்டார். வேற நெறியாளரைப் பார்க்கணும். துறையில யாரும் தைரியமா எடுத்துக்க மாட்டாங்க. வேற பல்கலைக்கழகம்னா மறுபடியும் முதல்லேர்ந்து.”

“அங்கேயும் இதே மாதிரி ஆளா இருந்தா?”

“இருப்பாங்கம்மா.”

“அப்புறம் எதுக்குடி போறே?”

“மூன்றாம் இயல் இப்பத்தான் சரியா இருக்கு. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மகளின் கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கம்பெனி வாசலில் மேனேஜரின் ஆள் சமரசத் தாளோடு தயாராக நின்றிருந்தான். பேனாவைக்கூட மூடி திறந்து நீட்டினான். காலர் அக்கா பேனாவைத் தொடவில்லை. தாளை வாங்கி அவளிடம் கொடுத்தாள்.

“முழுசாப் படி. அவசரமே இல்ல.”

“யாரு இவங்க?” என்றான் அவன்.

“எங்க வக்கீலம்மா,” என்றாள் அம்மா. கேலி துளியும் இல்லை.

அவள் வாசல் படியில் உட்கார்ந்து படித்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

“என்னடி?”

“‘இத்தனை ஆண்டுகள் இலவசமாகப் பயிற்சி அளித்த நிறுவனத்துக்கு இதில் கையெழுத்திடுவோர் தங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறார்கள்’னு போட்டிருக்கு.”

“சீ!” என்றாள் காலர் அக்கா. “நன்றியா?”

“இதுல சட்டப்படி கெடுதல் ஒண்ணும் இல்லக்கா. இப்படியே போட்டாலும் வேலை நிரந்தரம்தான்.”

“சட்டத்தை விடு. உனக்கு எப்படி இருக்கு?”

“வாந்தி வருது.”

“எங்களுக்கும்தான். அந்த வரியை அடிக்கச் சொல்லு.”

அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மேனேஜர் அறை எது என்று கேட்டாள்.